ஃபேன் ஓடும்போது மட்டும் தமிழ்

ஜனவரி 6, திங்கள்

பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியைக் கூட வேலை பார்க்கும் கிரஹாம் என் பக்கம் தள்ளிவிட்டான். அவனுக்கு எழுதும் பழக்கம் இல்லையாம். எனக்கும் இல்லைதான். நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருந்தபோது இந்த மாதிரி டைரியில் வண்டி நம்பரும் கலர் நம்பரும் குறித்து வைப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் இருந்தால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். எழுதினால் யார் காதிலும் விழாது.

எங்கள் வீட்டில் தமிழ் பேசக் கூடாது. என் மனைவி கோகிலா போட்ட சட்டம். இங்கிலாந்தில் இந்த வேக்ஃபீல்டுக்கு வரும்போது எங்கள் மகள் இளவேனிலுக்கு, அதாவது வேனிக்கு, இரண்டு வயசு. இப்போது நாலு ஆகப்போகிறது. பேச்சு வரவில்லை. ஒற்றை ஒற்றை வார்த்தையாகச் சொல்கிறாள், அதிலும் பாதியை விழுங்கிவிடுகிறாள். டெர்பியில் இருக்கும் கோகிலாவின் சினேகிதி ஒருத்தி சொன்னாளாம், இரண்டு பாஷை கேட்டால் குழந்தை குழம்பிப்போகும், தமிழை நிறுத்தியதும் தன் பையன் பொரிந்து தள்ளுகிறான் என்று. அன்றைக்கே எங்கள் வீட்டிலும் நிறுத்தியாகிவிட்டது. போன ஆடி மாசம்.

கோகிலா நர்ஸ். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். கார் பட்டறையில் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்கிறேன். ஸ்ப்ரே கன்னுக்கு ஆங்கிலம் தேவையில்லை. என் பெண்ணோடு பேசத்தான் தேவைப்படுகிறது.

நர்சரியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் ஒரு கூட்டம் போடுவார்களாம். செப்டம்பரில் வேனி எங்கள் தெருமுனை ஸ்கூலுக்குப் போவாளா, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும், பேச்சு வராத குழந்தைகளுக்கான தனிப் பிரிவுக்குப் போவாளா என்று அதில்தான் முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர் வந்து பார்ப்பார். கோகிலா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 9, வியாழன்

அந்த அம்மா வந்தார். பெயர் ரூத். ஐம்பது வயசிருக்கும், மழையில் நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். அது எனக்குப் பிடித்தது.

படம் படமாகக் காட்டினார். ஸ்பூன் படத்துக்கு வேனி "பூன்" என்றாள். ஸ்டாருக்கு "தா". ஸ்கூலுக்கு "கூல்". முக்கால்வாசிப் படங்களுக்கு வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அம்மா முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தை. ரூத் எதையோ எழுதிக்கொண்டே போனார். இரண்டு மெய்யெழுத்து ஒட்டிக்கொண்டு வரும்போது ஒன்றை விட்டுவிடுகிறாள், ஆனால் எனக்கு அதைவிட அவள் அமைதியாக இருப்பதுதான் கவலை என்றார்.

அவர் போனதும் கோகிலா சமையலறைக்குள் போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் சண்டை என்று அர்த்தம். ஃபேன் ஓடும்போது மட்டும் தமிழ் பேசலாம், வேனி காதுக்குப் போகாது.

"ஏனுங்க, நீங்க இஸ்பூன், இஸ்கூல்னு சொன்னா அது எப்படிங்க கத்துக்கும்?"

"எங்க ஊர்ல அல்லாரும் அப்படித்தான் சொல்றோம். எங்க வாய்க்குள்ள இஸ்பூன் போகலியா?"

"வெளையாடாதீங்க. இதே மாதிரி போனா தனிப் பிரிவுல தள்ளிப்போடுவாங்க. நம்ம புள்ளைக்கு என்னமோ கோளாறுன்னு எழுதிருவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வாயத் தெறக்காம இருக்கட்டுமா?"

அவள் ஃபேனை நிறுத்திவிட்டுப் போனாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் வைத்தோம். குக்கர் விசிலடித்தபோது "ஹாப்பி பொங்கல்" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று முழுக்கக் கிரஹாமின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன ஆர்ட், என் பல்லுல ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்று அவன் பாஷையில் கேட்டான். என் பெயர் அர்த்தநாரி. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை வெட்டி ஆர்ட் ஆக்கிவிட்டான்.

வெட்டுவதுதான் இவர்கள் வேலை என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். உப்புத்தாளை எடுக்கச் சொன்னான். புத்தகத்தில் அது சாண்ட்பேப்பர். இவன் வாயில் வருவது "சாம்பேப்பர்". நடுவில் இருந்த டகரத்தை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? ஹேண்ட்பிரேக் இவனுக்கு "ஹேம்ப்ரேக்". முன் கண்ணாடி "வின்ஸ்க்ரீன்". அடுத்த வாரம் வரும் வண்டி "நெக்ஸ்வீக்" வருகிறது. துணிமணிக்கு "க்ளோத்ஸ்" என்று நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து நான் குளிக்கும்போதெல்லாம் பழகினேன், நாக்குக் கடிபட்டதுதான் மிச்சம். இவன் கதவைச் சாத்தும் "க்ளோஸ்" மாதிரியே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். "ஆஸ்க்ட்" என்று கோகிலா கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்து இழுத்துச் சொல்லிப் பார்ப்பாள். இவன் "அஸ்ட்" என்கிறான். ககரம் அம்போ.

இதற்கா நாங்கள் இந்தப் பாடு படுகிறோம்? சொந்தப் பாஷையை இவனே விழுங்குகிறான், என் பெண் விழுங்கினால் மட்டும் கோளாறா?

ஆனால் இன்னொன்றும் கவனித்தேன். நடுவில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும்தான் விழுங்குகிறான். முதலில் இருப்பதைத் தொடுவதில்லை. ஸ்க்ரூ, ஸ்ப்ரே, ஸ்பூன் எல்லாம் முழுசாக வருகிறது. வேனி முதலிலேயே விழுங்கிவிடுகிறாள். அதுதான் உதைக்கிறது.

ஜனவரி 18, சனி

நேற்றுக் கண்டுபிடித்ததை ஃபேனைப் போட்டுவிட்டுக் கோகிலாவிடம் சொன்னேன். பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அது எனக்குத் தெரியுமுங்க. அவங்களுக்கு எத முழுங்கலாம், எத முழுங்கக் கூடாதுன்னு பொறந்ததுலருந்தே தெரியும். அவங்க முழுங்குனா ஊர்ப் பேச்சு. நாம முழுங்குனா பேசத் தெரியலைம்பாங்க."

"ஆரு சொன்னா அப்படி?"

அப்போதுதான் சொன்னாள். வந்த புதிதில் ஒரு நோயாளியின் மகள் மேலதிகாரியிடம் போய், இந்த நர்ஸ் சொல்வது ஒன்றுமே புரியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டாளாம். கோகிலா பக்கத்திலேயே நின்றிருந்தாளாம், கையில் மாத்திரைக் கிண்ணத்தோடு. அன்றிலிருந்துதான் கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்திருக்கிறாள். இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லை.

"என்ற புள்ள அப்படி நிக்கக் கூடாதுங்க" என்றாள். அப்புறம் வெங்காயத்தைச் சாக்கு வைத்து நன்றாக அழுதாள். எனக்கு அந்த நோயாளி மகளைத் தேடிப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. எந்தப் பாஷையில் கேட்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கு அடியில் வேனி முயல் பொம்மையோடு உட்கார்ந்துகொண்டு ஏதோ முணுமுணுக்கிறாள். முதலில் "ம்ம்ம்" என்று ஒரு ராகம், அப்புறம் முணுமுணுப்பு. நான் போனால் நிறுத்திவிடுகிறாள். டிவியில் வருகிற பாட்டாக இருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

கோகிலாவுக்குப் பகல் ஷிஃப்ட். இன்றைக்கு ஸ்பூனை ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன். தயிர் சோற்றைப் பிசைந்து வைத்து, ஸ்பூனை என் கையில் வைத்துக்கொண்டேன். சொல்லு, தருகிறேன் என்றேன், ஆங்கிலத்தில்தான். "பூன்." இல்லை, முதலில் பாம்பு மாதிரி "ஸ்ஸ்" சொல்லு, அப்புறம் "பூன்" என்றேன். "ஸ்ஸ்" என்றாள். அப்புறம் "பூன்" என்றாள். இரண்டும் சேரவில்லை. மறுபடி. மறுபடி. கடைசியில் "ஸ்ஸ்" கூட நின்றுவிட்டது.

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சுவரைத் தட்டினார். வேனி கையால் அள்ளிச் சாப்பிட்டாள், பாதி சட்டையில். பேன்ட் நனைந்திருந்தது, மாற்றிவிட்டேன். தண்ணீர் கொட்டிக்கொண்டாள் என்று கோகிலாவிடம் சொன்னேன்.

சாயங்காலம் முழுக்க அவள் என் பக்கம் வரவில்லை. குழந்தைகள் அப்படித்தான், நாளைக்குச் சரியாகிவிடும்.

ஜனவரி 29, புதன்

இன்னும் சரியாகவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ரூத் மறுபடி வந்தார். இந்த முறை படம் எதுவும் காட்டவில்லை. கையில்லாத ஒரு சின்னச் சட்டையைக் கொடுத்தார். அதன் நெஞ்சுப் பாக்கெட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு ரெக்கார்டர். ஒரு நாள் முழுக்க வேனி இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் யார் எவ்வளவு பேசுகிறார்கள், குழந்தை எவ்வளவு பேசுகிறது என்று மிஷின் பார்த்துச் சொல்லிவிடுமாம். தேவைப்பட்ட இடத்தை அவர் காதாலும் கேட்பார். எங்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க, எனக்காக எதையும் மாத்தாதீங்க என்று போகும்போது இரண்டு தடவை சொன்னார்.

வழக்கமாக எப்படி இருப்போம் என்று அவருக்குத் தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாளைக்கு ரெக்கார்டர். கோகிலாவுக்குக் காலை ஷிஃப்ட், பகல் முழுக்க நான்தான் வேனியோடு. மூன்று கதைப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறாள். நான் வாசிக்கக் கூடாத வார்த்தைகளுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். ஸ்ட்ராபெர்ரிக்குக் கோடு. அணிலுக்கு இங்கே ஸ்க்விரல், அதற்கு இரண்டு கோடு. ஒரு புத்தகத்தில் கோடு இல்லாத பக்கமே இல்லை.

"அந்த வார்த்தை வந்தா படத்தக் காட்டி அப்படியே தாண்டிருங்க" என்றாள்.

முப்பத்தெட்டு வயசில் எனக்குப் படம் காட்டச் சொல்லிக்கொடுக்கிறாள்.

பிப்ரவரி 8, சனி

இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் சட்டையை மாட்டிவிட்டேன். பாக்கெட்டில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே "குட் மார்னிங் வேனி" என்றேன், பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிறவன் மாதிரி. அப்புறம் "ப்ரேக்ஃபாஸ்ட்" என்று சொல்ல வாயெடுத்து, அதில் நாலைந்து எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து, "ஃபுட்" என்றேன். அதற்கு மேல் வாக்கியம் தீர்ந்துபோய்விட்டது.

புத்தகத்தை எடுத்தேன். கோடு போட்ட வார்த்தைகளைத் தாண்டித் தாண்டிப் போனதில் கதையில் நரி எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. வேனி நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். டிவியைப் போட்டுவிட்டேன். டிவியாவது ஒழுங்கான ஆங்கிலம் பேசும்.

மத்தியானம் நாமக்கல்லிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். பின்கதவைத் திறந்து கொல்லைப் பக்கம் போய்ப் பேசினேன். எப்போதும் அங்கேதான் பேசுவேன்.

"என்றா தம்பி, பாப்பா பேசுதா?"

"பேசும்ணா. இங்கிலீசுல பேசும். நம்ம பாஷ வேண்டாம்னுட்டோம்."

"ஏன்டா, நம்ம பாஷ என்னடா பண்ணுச்சு?"

"அதப் பேசுனா இஸ்கூல்ல சேத்தமாட்டாங்கண்ணா. கோகிலா பாவம், அதயே நெனச்சுக்கிட்டுக் கெடக்குது. எனக்குத்தான் வாயே ஒட்டிப்போச்சு. பட்டறையில ஊரே கேக்குற மாதிரி கத்திக்கிட்டு இருந்தவன் இப்ப ஒரு வெள்ளக்காரப் பையன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து வாய் நிறையப் பேசினேன். திரும்பிப் பார்த்தால் கதவிடுக்கில் வேனி நிற்கிறாள். நெஞ்சில் சிவப்பு வெளிச்சம்.

போனைக் கட் பண்ணிவிட்டேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. உள்ளே ஓடிவிட்டாள்.

கோகிலா வந்ததும் சொன்னேன். ரெக்கார்டர் உள்ளே இருப்பதால் ஃபேன் போட்டாலும் பேச முடியாது. இரண்டு பேரும் கொல்லையில் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று பேசினோம். குளிர் எலும்பைப் பிடித்தது.

"பூராத் தமிழா பேசுனீங்க?"

"ஒரு பத்து நிமிஷம்."

"மிச்ச நேரம்?"

"மிச்ச நேரம் என்ன பேசறது? நீதான் கோடு போட்டு வெச்சுட்டியே."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப நாள் பூராவும் ஊட்ல பேச்சே இல்லீனு வரும். அதப் பாத்தா என்ன நெனப்பாங்க தெரியுமா? புள்ளையக் கவனிக்காத ஊடுன்னு எழுதுவாங்க. ஆளனுப்பி விசாரிப்பாங்க. நான் ஆசுபத்திரில எத்தன ஊட்டப் பத்தி அந்த மாதிரி எழுதுனதப் பாத்திருக்கறேன்."

நான் சொன்னேன், சட்டையைத் துணியோடு துணியாக வாஷிங் மிஷினில் போட்டுவிடலாம், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் வழியாக வேனி தெரிந்தாள், துணி ஸ்டாண்டுக்கு அடியில், முயலைத் தொடையில் படுக்க வைத்துக்கொண்டு. வாய் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை.

"வேண்டாமுங்க. பொய்யின்னு தெரிஞ்சா ரெண்டு மடங்கா வரும்" என்றாள் கோகிலா. உள்ளே போய்விட்டாள். நான் அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சட்டையைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் மிஷின் யோசனையே வந்தது. போட்டுத் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரூத் கோகிலாவுக்குப் போன் பண்ணினார். அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேரும் கிளினிக்குக்கு வர வேண்டுமாம், வேனியையும் கூட்டிக்கொண்டு. மார்ச் கூட்டத்துக்கு முன்னாலேயே பேசியாக வேண்டும், போனில் சொல்ல முடியாது என்றாராம். குரல் எப்படி இருந்தது என்று கோகிலாவை மூன்று தடவை கேட்டுவிட்டேன். "கொரலாட்டத்தான் இருந்துச்சு" என்று எரிந்து விழுந்தாள்.

வண்டிக் கதவு ஒன்றுக்கு இன்று தப்பான கலர் அடித்துவிட்டேன். கிரஹாமும் உப்புத்தாளோடு வந்தான். இரண்டு பேருமாக உட்கார்ந்து தேய்த்தோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான் ரூத்திடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களைக் கோகிலா எழுதிக் கொடுத்திருக்கிறாள். "நாங்கள் அவளோடு தினமும் பேசுகிறோம்." இதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். உச்சரிப்பில் தப்பில்லை. ஆனாலும் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

கிளினிக்கில் ஒரு மூலையில் பொம்மைகள் கிடந்தன. வேனியை ஒரு பெண் அங்கே உட்கார வைத்துக்கொண்டாள். நாங்கள் ரூத்துக்கு எதிரில். கோகிலா நல்ல புடவை கட்டி வந்திருந்தாள், அதன்மேல் ஸ்வெட்டர். அவள் கை என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கோகிலா எழுதிக்கொடுத்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். ரூத் கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாகத்தான் பேசினார். பெரியவர்கள் பேச்சு அன்றைக்கு ரொம்பக் குறைவாக இருந்தது, அதை அப்புறம் பேசுவோம் என்றார். கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா குழந்தை பேசியிருக்கா" என்றார். சாயங்காலம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, இடைவிடாமல். மிஷின் தப்புச் செய்துவிட்டது என்று முதலில் நினைத்தாராம். கூட வேலை செய்கிற ஒருத்தரையும் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவர், இது பேச்சு இல்லை, அர்த்தமில்லாத உளறல் என்று சொல்லிவிட்டாராம். "எனக்கு அப்படித் தோணல. உங்க பாஷையா இருக்குமோன்னு சந்தேகம். நீங்க கேட்டுச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு தடவை பேசறதுக்கு முன்னாடியும் அவ ஏதோ முனகறா. அது என்னன்னு எனக்குப் புரியல."

பட்டனை அழுத்தினார்.

முதலில் டிவி சத்தம். அப்புறம் "ம்ம்ம்ம்ம்" என்று நீளமாக ஒரே சுருதியில் ஒரு முனகல். கோகிலா சட்டென்று நிமிர்ந்தாள். எனக்கும் அதே நிமிஷம் புரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன். குழந்தை வாயால் ஃபேனைப் போடுகிறாள். போட்டால்தானே தமிழ் பேசலாம்.

அப்புறம் அவள் குரல் வந்தது. இத்தனை நீளமாக அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"சாமி, சத்தம் போடாத. தமிழ் பேசுனா இஸ்கூல்ல சேத்தமாட்டாங்க. அம்மா பாவம், அழுவும். அப்பாவும் பாவம், அப்பாவுக்கு இங்கிலீசு வராது. நீ வாய மூடிக்க. நானும் மூடிக்கறேன். சேரியா? அழுவாத. நான் இருக்கறனில்ல."

ரூத் நிறுத்தினார். எங்கள் முகத்தைப் பார்த்தார். "இதுல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரிஞ்சது, ஸ்கூல். அதுல ரெண்டு சத்தமும் முழுசா இருக்கு. என்கிட்ட அவ அத ஒரு தடவைகூடச் சொல்லல. மிச்சமெல்லாம் என்ன?"

கோகிலாதான் சொல்ல வேண்டும், அவளுக்குத்தான் ஆங்கிலம் வரும். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வார்டில் டாக்டர்களிடமே படபடவென்று பேசுகிறவள், உதடு மட்டும் துடித்தது. நான்தான் சொன்னேன். பேசாதே என்று பொம்மையிடம் சொல்கிறாள், எங்கள் பாஷையில் பேசினால் ஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள் என்று சொல்கிறாள், வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறாள். என்ன இலக்கணத்தில் சொன்னேன் என்று தெரியாது. எத்தனை எழுத்தை விழுங்கினேன், எங்கே "இ" போட்டேன், அதுவும் தெரியாது. ரூத் ஒரு இடத்தில்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்பதை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

அதைக் கோகிலா சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டே, ரொம்ப மெல்லிய குரலில், "அப்பா பாவம்னு சொல்றா, அவருக்கு இங்கிலீஷ் வராதாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

ரூத், வீட்டுல உங்க பாஷைய நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை. டெர்பிக்காரியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, நிறுத்தியது நாங்கள்தான்.

அப்புறம் அவர் சொன்னதை முடிந்தவரை எழுதிவைக்கிறேன். இத்தனை நீளமாகக் கோவையாகப் பேசுகிற குழந்தைக்குப் பேச்சு வராது என்று யாரும் எழுத முடியாது. தமிழ் தெரிந்த ஒருத்தரை வைத்து மறுபடி பார்ப்பார், மார்ச் கூட்டத்தில் அதைத்தான் வைப்பார். கூட்டம் என்ன முடிவு செய்யும் என்று இப்போதே சத்தியம் செய்ய முடியாது, ஆனால் தெருமுனை ஸ்கூலைக் கேட்டுத்தான் எழுதப்போகிறார். ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகளை நாலு வயசில் விழுங்குவது இங்கே பிறந்து வளரும் குழந்தைகளிலும் நிறைய உண்டு, பெரியவர்களான பின்பும் பாதியை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். "இஸ்கூல்"னு சொன்னா சொல்லட்டும், முன்னாடி இருக்கற "இ" நாளைக்குத் தானா உதிர்ந்துரும். அவளத் திருத்தாதீங்க, பேசுங்க. வேற எதுவும் வேண்டாம். அவ்வளவுதான் அவர் சொன்னது.

எனக்கு ஸ்பூன் பிடித்துக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமை கண்முன்னால் வந்தது. ரூத்திடம் சொல்லவில்லை. வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போது கோகிலாவிடம் சொன்னேன். பேன்ட் நனைந்ததையும் சொன்னேன். தண்ணீர் இல்லை என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள்.

எப்போதும் முன் சீட்டில் உட்காருகிறவள் பின்னால் வேனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தாள். பெற்ற பிள்ளையிடம் பேசத்தான் இத்தனை தவிப்பு.

"பசிக்குதா கண்ணு?" என்றாள்.

வேனி திடுக்கிட்டுப் போனாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கார் ஜன்னல் வழியாகத் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு அவசர அவசரமாகத் தன் சின்னக் கையை எடுத்து அம்மா வாயைப் பொத்தினாள்.

கோகிலா அந்தக் கையை விலக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதன்மேல் வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டாள், கொஞ்சம் சத்தமாக.